செவ்வாய் தவிர மற்ற மத்தியானங்கள்

என்னை ஒருநாளும் 'ஏய்' என்று கூப்பிடாத என் பிரியமானவருக்கு,

நான்தான், செலின். உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. நீங்கள் சொல்லச் சொல்ல உங்களுக்காக எத்தனையோ கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். உங்களுக்கென்று ஒன்றுகூட எழுதியதில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தை விட்டு நீங்கள் முதலியார்பேட்டைக்குத் திரும்பி வந்த பிறகுதான் நமக்குக் கல்யாணம். அதற்கப்புறம் ஒரு நாள்கூடப் பிரிந்து இருந்ததில்லை. கடிதம் எழுத எங்கே வாய்த்தது?

இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை பம்பாய் டாக்டர் வருகிறார். உங்கள் வாட்சைத் தன்னிடம் கொடுத்துவிட முடியுமா என்று முன்பே கேட்டு எழுதியிருந்தார். நான் பதில் போடவில்லை. நேரில் வந்து உட்கார்ந்தால் ஏதாவது சொல்லித்தானே ஆக வேண்டும்? நமக்குப் பிள்ளையும் இல்லை. இந்த வீட்டில் நான் யாரைக் கேட்பேன், நீங்களே சொல்லுங்கள்.

இந்தக் கடிதத்தை நாலு பேர் படிக்கும்படி அச்சிலும் போடப் போகிறேன். படித்துவிட்டுப் போகட்டும். ஒளித்தது போதும். நான் எதை ஒளித்தேன் என்று உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும் என்பதே எனக்குப் போன மாதம்தான் தெரிந்தது.

முதலில் வீட்டு நடப்பைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிவிட்டது. மில் சங்கு வழக்கம்போல ஊதுகிறது. எதிர்வீட்டு ஆறுமுகம் டெலிவிஷன் வாங்கிவிட்டார், சாயங்காலமானால் தெரு முழுக்க அங்கேதான். என்னையும் கூப்பிட்டார்கள். ஒரு நாள் போனேன். எல்லோரும் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள், பாதியிலேயே எழுந்து வந்துவிட்டேன். நான் மூன்று வேளையும் ரேடியோ போடுகிறேன். செய்திக்கு முன்னால் பீப் அடிக்குமே, அது முடிந்ததும் நிறுத்திவிடுகிறேன். நாட்டில் என்ன நடக்கிறது என்று கேட்டால் எனக்கு ஒன்றும் தெரியாது. நேரம் மட்டும் சரியாகத் தெரியும்.

அந்தப் பழக்கத்தை உண்டாக்கியது நீங்கள்தான். நீங்களும் உங்கள் முசியேயும்.

அவரை 'முசியே', பிரெஞ்சில் ஐயா, என்று மட்டுமே நாம் சொல்வோம். பிரான்சின் கிழக்கு எல்லையில் நீங்கள் இருந்தபோது, லீவு நாளில் மலை தாண்டி ஸ்விஸ் பக்கம் போய், ஒரு பெரிய வாட்ச் கம்பெனியில் வேலை பார்த்த அவரோடு சிநேகம் பிடித்ததாகச் சொன்னீர்கள். பிறகு அவர் அந்த வேலையை விட்டுவிட்டார். தன் கிராமத்தில் ஒரு மேசை, ஒரு சன்னல், ஒரு கடைசல் இயந்திரம், அவ்வளவுதான். வருடத்துக்கு நாலு வாட்ச் செய்வார். எல்லாச் சக்கரமும் அவர் கைப்பட. அவருடைய கடிதம் வந்த அன்று நீங்கள் சாப்பிட உட்காரவே இல்லை. கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தீர்கள்.

அலமாரியில் ஆறு வாட்ச் வைத்திருந்தீர்கள், எல்லாம் பெயர்பெற்ற கம்பெனிகள். ஒவ்வொன்றாகப் பிறருக்குக் கொடுத்துவிட்டு, அவரிடம் ஒரே ஒன்றுக்குச் சொல்லி வைத்தீர்கள். எனக்குப் பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது. வாங்குகிற ஆளைப் பார்த்துத்தான் அவர் சரி என்பாராம். எட்டுக் கேள்வி எழுதி அனுப்பியிருந்தார். எந்தக் கையில் கட்டுவீர்கள், எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள், வெயிலில் நடப்பீர்களா, கடல் எவ்வளவு தூரம், படுக்கும்போது எங்கே வைப்பீர்கள், மல்லாத்தியா சாய்த்தா.

நான் படித்துச் சொல்லச் சொல்ல உங்கள் முகம் மாறியது. "பட்டாளத்துல எனக்கு சட்டை குடுத்தவன்கூட அளவு கேக்கல செலின். எங்கப்பா ஆயுசு பூரா மில் சங்குக்கு எழுந்தாரு, சங்குக்குப் படுத்தாரு. அவரு எப்ப எழுந்திருப்பாருன்னு யாரு கேட்டா? இந்த ஆளு கேக்குறாரு பாரு" என்றீர்கள். நீங்கள் பேசிக்கொண்டே போக, மத்தியானத்தில் இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை தூங்குவேன், வாட்சைக் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் மல்லாத்தி வைப்பேன் என்று எழுதினேன்.

ஐந்து வருடம் காத்திருந்தீர்கள். பிரான்சிலிருந்து லீவுக்கு வந்த ஒருவர் கையில்தான் அது வந்து சேர்ந்தது. பார்த்தால் சாதாரண வெள்ளி வாட்ச். வெள்ளை முகம், மூன்று முள், பெயர்கூடப் பொடி எழுத்தில். ஆறுமுகத்தின் கையில் அப்போது பட்டன் அமுக்கினால் எண் எரியும் புது வாட்ச். பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரரை நம் ஊரில் 'சொல்தா' என்பார்களே, அப்படிக் கூப்பிட்டு உங்களைத் தெருவில் பிடித்துக்கொண்டார்.

"சொல்தாய்யா, அஞ்சு வருசம் காத்திருந்தீங்களே, பட்டன் அமுக்குனா பாட்டு பாடுமா?"

"பாடாது. நான் பாடுனா கேக்கும்."

தெருவே சிரித்தது. நீங்கள் சிரிக்காமல்தான் சொன்னீர்கள்.

டிசம்பர் மாதத்தில் பம்பாய் டாக்டர் வருவார். நெல்லித்தோப்பில் பிறந்து பம்பாயில் பெரிய ஆளாகிவிட்டவர், வாட்ச் சேர்ப்பதில் உங்களுக்கு மேல். நீங்கள் இருவரும் பின்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு லென்ஸைக் கண்ணில் செருகி, மூச்சு விடாமல் பார்ப்பீர்கள். நான் காபியை வைத்தால் ஆறிப்போகும். உள்ளே ஒரு தகட்டின் அடிப்பக்கத்தைக்கூட முசியே கண்ணாடி மாதிரி தேய்த்திருக்கிறாராம். "அந்தப் பக்கத்தை யாரு பாக்கப் போறா? எதுக்கு அத்தனை பாடு?" என்று கேட்டேன். டாக்டர் விளக்க ஆரம்பித்தார், நீங்கள் கையைக் காட்டி நிறுத்தினீர்கள். "நீ ஜாக்கெட்டுக்கு உள் தையல் போட்டுட்டு மறுபடி மேல மடிச்சுத் தைக்கிறியே, அத யாரு பாக்குறா?" என்றீர்கள். எனக்கு அன்றைக்குத்தான் அந்த முசியே மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

ஆனால் பொறாமையும் இருந்தது. இப்போது சொன்னால் என்ன? எனக்கு அந்த வாட்சைக் கண்டால் ஆகவில்லை. நீங்கள் நல்லவர்தான், ஆனால் பேசுகிற மனிதர் இல்லை. நான் புதுப்புடவை கட்டி வந்து நின்றாலும் 'ம்' என்பதோடு சரி. அதைக் காதில் வைத்துக் கேட்கும்போது மட்டும் உங்கள் முகத்தில் ஒரு சாந்தம் வரும். அப்படி என்னதான் கேட்கிறது அதில் என்று எனக்குப் பொறுக்கவில்லை.

ஒரு மத்தியானம் நீங்கள் குறட்டை விட்டதும் ஸ்டூலிலிருந்து மெதுவாக எடுத்தேன். காதில் வைத்தேன். அப்புறம் கையில் கட்டினேன். என் கை சின்னக் கை, வாரின் கடைசி ஓட்டையில் மாட்டியும் முழங்கைவரை ஓடியது. அதைக் கட்டிக்கொண்டே பின்கட்டில் போய்த் தையல் மிஷினில் உட்கார்ந்தேன். நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கொண்டுவந்து, எடுத்த இடத்தில் எடுத்த மாதிரியே வைத்தேன். எடுத்தபோது உங்கள் கைச்சூடு வாரில் இருந்தது. அதற்காகத்தான் மறுநாளும் எடுத்தேன். இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

அப்புறம் தினமும். செவ்வாய்க்கிழமை மட்டும் கிடையாது. அன்றைக்குக் கன்னியர் மடத்தில் பெண்களுக்குப் பூவேலை சொல்லிக்கொடுக்கப் போய்விடுவேன்.

கொஞ்ச நாளில் ஒன்று கவனித்தேன். வாரில் கடைசி ஓட்டைக்கு அப்பாலும் ஒரு ஓட்டை இருந்தது. அதில் மாட்டினால் எனக்குக் கச்சிதமாக நின்றது. முதலிலேயே இருந்ததைத்தான் பார்க்கத் தவறிவிட்டேன்போல என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு மக்கு பாருங்கள்.

முதல் வருடம் முடிந்ததும் வாட்சைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது முசியேயின் ஏற்பாடு. கூடவே ஒரு நோட்டும். மூன்று வேளையும் ரேடியோ பீப் அடிக்கும்போது வாட்ச் எத்தனை விநாடி முந்துகிறது, பிந்துகிறது என்று ஒரு நாள் விடாமல் குறித்திருந்தீர்கள். ஜுரத்தில் கிடந்தபோதுகூட. படுத்துக் கிடந்தால் ஒரு மாதிரியும் கையில் ஆடினால் ஒரு மாதிரியும் வாட்ச் ஓடுமாம், அந்த நோட்டைப் பார்த்து, கட்டுகிறவரின் நாளுக்கேற்ப முசியே அதைத் திருத்திக் கொடுப்பார். கம்பெனி வாட்ச் வைத்திருக்கிறவர்கள் யாருக்கும் இது கிடைக்காது என்று டாக்டர் உங்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

பிரான்சுக்குப் போகிறவர் கையில் கொடுத்து அனுப்பினோம். இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. வழக்கம்போல நீங்கள் நாற்காலியில், நான் நின்றுகொண்டு படித்தேன். பேச்சுப் பிரெஞ்சு உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு, கையெழுத்தைப் படிப்பதுதான் கஷ்டம், எழுதுவது அதைவிட. முதல் பாரா நலம் விசாரிப்பு. இரண்டாவது பாராவை வாய்க்குள்ளேயே படித்தேன்.

"மத்தியானத்தில் வாட்ச் ஸ்டூலில் படுத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். உங்கள் நோட்டின்படி செவ்வாய்க்கிழமைகளில் மட்டுமே அது படுத்திருக்கிறது. மற்ற நாட்களில் குலுங்கிக்கொண்டிருக்கிறது. வாரிலும் இரண்டு இடத்தில் மடிப்பு விழுந்திருக்கிறது, ஒன்று மிகச் சிறிய கையுடையது. செவ்வாய்க்கிழமைகளில் உங்கள் வீட்டில் இல்லாதவர் யார்?"

ஏழு கடலுக்கு அப்பால் உட்கார்ந்துகொண்டு ஒரு மனிதர் என் கையைப் பிடித்துவிட்டார்.

"என்னா சொல்றாரு?" என்றீர்கள்.

"நம்ம ஊர்ல மழ எப்பிடின்னு கேக்குறாரு" என்றேன்.

"மழையா?"

"ஆமாங்க. காத்துல ஈரம் இருக்குமில்ல, அதுக்கு."

'ம்' என்றீர்கள். அந்தப் பாராவை அப்படியே தாண்டிவிட்டேன். பதில் எழுதும்போது, நீங்கள் சொன்னதையெல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் நானாக ஒரு வரி சேர்த்தேன்: 'வாட்சை வேறு யாரும் தொடுவதில்லை.' உங்கள் பெயரில் நான் எழுதிய ஒரே பொய் அது. மழையைப் பற்றியும் நாலு வரி எழுதினேன், மனசு உறுத்தியதால்.

பொய்க்கு ஏற்றபடி திருத்தினால் வாட்ச் தப்பாக ஓடும், நீங்கள் முசியேயைச் சந்தேகப்படுவீர்கள், எல்லாம் என்னால் என்று கொஞ்ச நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. வாட்ச் திரும்பி வந்தது. 'இப்போது சரியாக இருக்கும்' என்று ஒரே வரி. வார் புதுசு. அதிலும் அந்தச் சின்ன ஓட்டை இருந்தது. இனிமேல் தொடுவதில்லை என்று சத்தியம் பண்ணியிருந்தேன், ஓட்டையைப் பார்த்ததும் சத்தியம் போய்விட்டது. அன்றைக்கே எடுத்துக் கட்டினேன். மாதக்கணக்காக வாட்ச் ஒரு விநாடிகூடப் பிசகவில்லை. நீங்கள் நோட்டைக் காட்டிக் காட்டிப் பூரித்துப்போனீர்கள். நான் தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்படியே வருடங்கள் ஓடிவிட்டன. அன்றைக்குக் காலையில் ஷேவ் பண்ணிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டீர்கள். ஒரு வார்த்தைகூட இல்லை. வாட்சைக் கையிலேயே விட்டுவிடலாமா என்று யாரோ கேட்டார்கள். நான் கழற்றினேன். முதல் தடவையாக எல்லோர் கண் முன்னாலும் அதை என் கையில் கட்டினேன். சின்ன ஓட்டையைக் கவனிக்க அங்கே யாருக்கும் நினைப்பில்லை.

முசியேக்கு எழுத எனக்கு ஆறு மாதம் ஆயிற்று. எழுதினேன், நீங்கள் இல்லை என்று. வாட்சை டாக்டர் கேட்பதையும் எழுதினேன். கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று இன்னொன்றும் கேட்டேன்: நான் ஒருத்தி கட்ட ஆரம்பித்ததிலிருந்து அது தினமும் நாலு விநாடி முந்திப் போகிறது, ஏன்?

போன மாதம் பதில் வந்தது. 'அது உங்கள் ஒருவருக்காகத் திருத்தப்பட்டதல்ல' என்று எழுதியிருக்கிறார். 'யாரிடம் இருக்கப் போகிறதோ, உங்களிடமோ டாக்டரிடமோ, ஒரு மாத நோட்டோடு அனுப்பிவையுங்கள். அந்த ஒரு கைக்கு மாற்றித் தருகிறேன். அரை மணி நேர வேலை. இந்தக் காகிதம் உங்களிடம் இருக்க வேண்டியது, அதனால் சேர்த்து அனுப்புகிறேன்' என்று. உள்ளே மடித்த ஒரு தாள். உங்கள் கையெழுத்து.

உங்கள் கையெழுத்தில் பெயரையும் நோட்டில் குறித்த எண்களையும் தவிர வேறெதையும் நான் பார்த்ததில்லை. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கிறது ஒவ்வொரு எழுத்தும். பிழையில்லாத வரி ஒன்றில்லை. அத்தனையையும் எனக்குத் தெரிந்த தமிழில் இங்கே எழுதுகிறேன், நீங்கள் கோபிக்கக் கூடாது.

'முசியே, இன்றைக்குச் செவ்வாய், என் மனைவி வீட்டில் இல்லை. உங்கள் கடிதத்தில் ஒரு பாராவை அவள் எனக்குப் படிக்கவில்லை. மத்தியானம் முழுக்க உட்கார்ந்து நானே படித்துவிட்டேன். வேறு யாரும் தொடுவதில்லை என்று அவள் எழுதியிருப்பாள், நம்ப வேண்டாம். நான் தூங்கும்போது அவள்தான் கட்டிக்கொள்கிறாள். நான் தூங்குவதில்லை. தூங்கினால் அவளுக்குத் தைரியம் வருகிறது, அதனால் குறட்டை விடுகிறேன். கேட்டால் கொடுத்துவிடுவேன், ஆனால் கேட்காமல் எடுப்பதில்தான் அவளுக்குச் சந்தோஷம் என்று நினைக்கிறேன். கை சிறிசு, வழுக்குகிறது என்று வாரில் செருப்புத் தைக்கிற ஊசியால் ஒரு ஓட்டை போட்டேன். வாரை மாற்றினால் அந்த ஓட்டையை விட்டுவிடாதீர்கள். வாட்சை இரண்டு பேருக்கும் சேர்த்துத் திருத்துங்கள். அவளிடம் சொல்ல வேண்டாம்.'

படித்துவிட்டு நான் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. கையிலேயே வாட்ச் இருந்தது, பார்க்கத் தோன்றவில்லை.

அந்தக் குறட்டை பொய்யா? அத்தனை வருடமா? நான் நுனிக்காலில் நடந்து வந்ததையும், மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்ததையும், ஒரு நாள் கைதவறிக் கீழே போடப் பார்த்ததையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டா கிடந்தீர்கள்? அன்றைக்குக் குறட்டை ஒரு நிமிஷம் நின்று மறுபடி வந்ததே, எனக்கு உயிரே போய்விட்டது. உங்களுக்கும்தானா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் அப்புறம் எடுத்திருப்பேனா, அதுவும் தெரியவில்லை. நீங்கள் என்னைக் கவனிப்பதே இல்லை என்று எத்தனை தடவை மனசுக்குள் உங்களைத் திட்டியிருக்கிறேன். உங்கள் மேல் எனக்கு இப்போது கோபமாக வருகிறது. பக்கத்தில் இருந்தால் தோளில் நாலு அடி போட்டிருப்பேன்.

தனியாக இருப்பது எப்படி என்று எல்லோரும் சொல்லித் தருகிறார்கள். கோயிலுக்குப் போகச் சொல்கிறார்கள், டெலிவிஷன் பார்க்கச் சொல்கிறார்கள். காலையும் சாயங்காலமும் எப்படியோ கழிந்துவிடுகிறது. மத்தியானம்தான் கஷ்டம். கடையெல்லாம் மூடிக் கிடக்கும், தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. இரண்டு மணி ஆனதும் இன்னமும் நுனிக்காலில்தான் அந்த அறைக்குள் போகிறேன். யாருக்குப் பயந்து? ஒளித்துக் கட்டுவதற்கு எனக்கு ஆள் இல்லை.

டாக்டர் நல்லவர். எனக்குத் தெரியாததெல்லாம் அவருக்குத் தெரியும், வாட்சைக் கண்போல வைத்துக்கொள்வார். அவரிடம் போனால் முசியே பின்மூடியைத் திறந்து அவர் கைக்குத் திருத்திவிடுவார். அரை மணி நேரத்தில் நாம் இரண்டு பேரும் அதிலிருந்து போய்விடுவோம். எனக்கு மட்டும் திருத்தினாலும் அதே கதைதான், நீங்கள் மட்டும் போய்விடுவீர்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை அவருக்கு உங்கள் தாளைப் படித்துக் காட்டுவேன். லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும், காபி ஆறட்டும். வாட்சைத் தர மாட்டேன். முசியேக்கும் எழுதிவிட்டேன்: திருத்த வேண்டாம், நாலு விநாடி முந்தட்டும், காலையில் பீப் அடிக்கும்போது நானே சரிபண்ணிக்கொள்கிறேன்.

உங்களுக்கும் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். பகலெல்லாம் நான் கட்டிக்கொள்வேன். கோயிலுக்கு, கடைத்தெருவுக்கு, எல்லோரும் பார்க்கக் கட்டிக்கொண்டு போவேன். ஆனால் மத்தியானம் இரண்டு மணிக்குக் கழற்றி, உங்கள் ஸ்டூலில் நீங்கள் வைக்கிற மாதிரி மல்லாத்தி வைத்துவிட்டு, கட்டிலில் படுத்துக் கண்ணை மூடிக்கொள்வேன். செவ்வாய்க்கிழமையும்கூட, மடத்தில் சொல்லிவிட்டேன். நாலு மணிவரை நான் கண்ணைத் திறக்க மாட்டேன். உங்கள் அளவுக்கு வராவிட்டாலும் குறட்டை விடக் கற்றுக்கொள்கிறேன். நீங்கள் பயப்படாமல் வந்து எடுத்துக் கட்டிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தூங்குவதுபோல் படுத்திருக்கும்
உங்கள் வீட்டுக்காரி,
செலின்